ஏழு பங்கும் இரண்டு ரூபாய் மிச்சமும்

1

ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். எங்கள் ஊர்ப் பாடசாலை, பக்கத்து ஊர்ப் பாண்டிருப்பில் எஞ்சின் திருத்துகிற கனகரெத்தினத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் அது. பாடசாலைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மிசின் பழுதானபோது அவர்தான் திருத்திக் கொடுத்தார். இந்தக் கதை அந்தக் காசிலிருந்துதான் வந்தது.

ஒரு கதையைக் காசுக் கணக்கில் தொடங்கலாமா என்று எனக்குத் தெரியாது. முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கிப் பார்த்தேன்.

கல்முனைக் கடற்கரையில் அன்று காற்று

(விட்டேன். அன்று கடற்கரைக்கு யாருமே போகவில்லை. இந்தக் கதையில் கடலுக்கு ஒரு வேலையும் இல்லை.)

கல்வி என்பது ஒரு மனிதனுடைய

(இதையும் விட்டேன். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஜும்ஆ தொழுகை முடிந்ததும்

(இது நல்ல தொடக்கம். ஆனால் இதைச் சொல்வதற்கு முன் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே இதை எடுத்து மூன்றாம் பகுதியில் வைத்திருக்கிறேன். அங்கே காண்பீர்கள்.)

என் பெயர் சீனிமுகம்மது. அப்துல் ஸமட் ஹாஜியாரின் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன். எழுத்து எனக்கு நாற்பது கடந்த பிறகு, அதே பாடசாலையில் றாஹிலா டீச்சர் நடத்திய பின்னேர வகுப்பில் வந்தது. எழுதுவது பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, தோள் கொஞ்சம் ஆறினால். எங்கேயாவது ஒரு வசனம் பாதியில் நின்றால் அதை உத்தி என்று நினைக்காதீர்கள். அநேகமாக நான் நித்திரையாகியிருப்பேன்.

2

இந்தக் கதையின் முக்கியமான ஆள் ஒரு பையன் என்று முதலில் எழுதியிருந்தேன். பெயர் றிஸ்கான். பத்தொன்பது வயது. றோட்டில் ஓர் எஞ்சின் சத்தம் பிசகிக் கேட்டால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போகிறவன். எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்க்க என் மகள் ஸம்றாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“வாப்பா, இது நான்தானே?”

“ஓம் மகள்.”

“என்ன எதுக்கு ஆம்புளப் புள்ளயாக்கி வெச்சிரிக்கீங்க?”

வாசிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்றேன். எஞ்சின் திருத்த ஆசைப்படுகிற பொம்புளப் பிள்ளை என்றால் நான் என்னுடைய பிள்ளையைப் புகழ்கிறேன் என்று நினைப்பார்கள், பையன் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றேன்.

“அதத்தான் நானும் செல்றன். றிஸ்கான் எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. முதல் கராச்சிலயே எடுத்திருப்பாங்க. மறுகா ஒங்கட கதை இந்தப் பக்கத்திலயே முடிஞ்சிரும்.”

அவள் சொன்னது சரி. றிஸ்கானை வெட்டிவிட்டேன். பாவம், நல்ல பையன். வேறொரு கதை வந்தால் கூப்பிடுகிறேன்.

ஸம்றா தொழிற்பாடப் பிரிவில் படிக்கிறாள். அந்த வகுப்பில் எட்டுப் பேர். பொறுப்பு, எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த அதே றாஹிலா டீச்சர். பாடத்தைப் பாடசாலையில் படித்தால் மட்டும் போதாது. ஆறு மாதத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் ஓர் உண்மையான வேலைத்தலத்தில் நின்று பழக வேண்டும், அங்குள்ள முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். பெருநாள் லீவுக்கு முன் எட்டுப் பேருக்கும் இடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இடம் கிடைக்காத பிள்ளை தையல் வகுப்புக்கு மாற வேண்டும். அங்கேதான் இடம் மிச்சமிருந்தது.

தையல் நல்ல தொழில். ஆனால் ஸம்றாவும் ஊசியும் ஒரே அறையில் இருந்தால் யாராவது ஒருவருக்கு இரத்தம் வராமல் விடாது. என்னுடைய வேலைச் சட்டைக்கு அவள் ஒருமுறை பொத்தான் தைத்தாள். கையை விடுகிற ஓட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு வாகனம் திருத்துகிற மூன்று கராச்சுக்குப் போனார். மூன்றிலும் கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார்களாம்: தங்கச்சிக்கு இஞ்ச சரிவராது டீச்சர். வீட்டுக்கு வந்த ஸம்றா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. “ஏசியிருந்தாக் கூடப் பரவால்ல வாப்பா. சோடா தந்தாங்க.”

3

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை அறிவித்தல் வாசித்தார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வசதி உள்ளவர்கள் குர்பான் கொடுப்பார்கள், அதாவது ஆடோ மாடோ அறுத்து இறைச்சியைப் பங்கிடுவார்கள். ஆடு என்றால் ஒருவர் பேரில் ஓர் ஆடு. மாடு என்றால் ஏழு பேர் பங்கு சேரலாம். ஏழுதான், எட்டு ஆகாது. அதனால் பெருநாள் நெருங்க நெருங்க ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கயாச்சும் பங்கு இரிக்கா?

பங்கு என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். வயல்காரன் சொன்னால் விளைச்சலில் பாதி. வள்ளத்தில் போகிறவன் சொன்னால் மீனில் ஒரு கூறு. அண்ணன் தம்பி சொன்னால் சண்டை. ஹஜ்ஜு மாதத்தில் மட்டும் ஊர் முழுக்க அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த அர்த்தத்துக்கு நாலு கால் இருக்கும்.

(கட்டுரையை இத்தோடு நிறுத்துகிறேன். டீச்சர் இந்த இடத்தில் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறார். அது பாராட்டா, வெட்டச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.)

றாஹிலா டீச்சர் பள்ளிவாசலுக்குக் கொடுத்த அறிவித்தல்: பாடசாலையின் தொழில் பங்குதாரர் கூட்டம், சனிக்கிழமை அஸருக்குப் பின், பிரதான மண்டபத்தில். கடைக்காரர், பேக்கரிக்காரர், ஆலைக்காரர் எல்லாரும் பாடசாலையோடு சேர்ந்து பிள்ளைகளைப் பழக்கினால் அவர்கள் பங்குதாரர்தானே. படித்தவர்கள் எழுதுகிற முறையில் அது சரியான சொல்.

பாங்கு சொல்கிற முஅத்தினார் முதலில் மாட்டுத் தோல் சேகரிப்பதைப் பற்றி வாசித்தார். பிறகு அறுப்பதற்கு அனுமதி எடுப்பதைப் பற்றி வாசித்தார். மூன்றாவதாக இதை எடுத்தார். “பாடசாலையின்” என்றார். அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, “பங்குதாரர் கூட்டம், நாளைக்கு அஸருக்குப் பொறகு” என்றார்.

தொழில் என்ற சொல் இருமலோடு போய்விட்டது.

எனக்கு முன்வரிசையில் இருந்த எங்கள் ஆலை ஹாஜியார் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. இந்த முறை பாடசாலையிலேயே ஒழுங்கு செய்கிறார்களாம், நல்ல விசயம், படித்த ஆட்கள் நின்றால் பங்கு நீதியாக இருக்கும்.

அது பிழை என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

4

சனிக்கிழமை எப்படியோ மண்டபம் நிரம்பியது என்று முதலில் எழுதினேன். பொய். ஒன்பது பேர் வந்தார்கள், பத்தாவதாகக் கனகரெத்தினம்.

அவர் வந்த காரணம் வேறு. தன்னுடைய காசைக் கேட்டு அவர் மூன்று முறை பாடசாலைப் படி ஏறியிருந்தார். அதிபர் ஒவ்வொரு முறையும் அபிவிருத்திச் சங்கம் கூடினால்தான் காசு என்றார். கடைசியில் றாஹிலா டீச்சர் போன் எடுத்து, சனிக்கிழமை பின்னேரம் வாங்க அண்ணன், எல்லாத்தையும் கதைச்சி முடிப்பம் என்றிருக்கிறார். டீச்சர் நினைத்தது பிள்ளைகளை. அவர் நினைத்தது காசை. அவர் தலையெல்லாம் வாரி, திருநீறு பூசி, நல்ல சேட் போட்டு வந்திருந்தார்.

ஆக, பத்துப் பேர் வந்த கூட்டத்தில் ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வரவில்லை.

டீச்சர் அதிபரின் அறையில் வரைபடம் ஒன்றை அச்சடித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு உதவியாக நான் தேத்தண்ணித் தட்டத்தோடு மண்டபத்துக்குள்ளே போனேன். கனகரெத்தினம் முன்வரிசையில் போய் உட்கார்ந்ததும் எல்லாருடைய கதையும் நின்றது. திருநீறு பூசிய ஒருவர் மாட்டுப் பங்குக்கு வந்து முன்னுக்கு இருந்தால் என்னவென்று கேட்பது? பேக்கரி இஹ்ஸானுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

“அண்ணன் என்ன இந்தப் பக்கம்?”

“நீங்க வந்த அலுவலுக்குத்தான்.”

“பங்குக்கா?”

“ஓம். எனக்கு வர வேண்டிய பங்கு வரத்தானே வேணும்.”

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகப் பக்குவமாக, எவ்வளவு என்று கேட்டார்.

“ஆறாயிரத்து எழுநூத்தி அம்பது.”

“எங்களுக்கு முப்பத்தஞ்சாயிரம் எண்டல்லவா கேள்வி” என்றார் இஹ்ஸான்.

கனகரெத்தினம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். இந்தப் பாடசாலை எனக்கு மட்டுமல்ல, இவ்வளவு பேருக்கும் காசு கொடுக்காமல் வைத்திருக்கிறதே என்று அவர் நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

ஹாஜியாருக்கு வேறு சந்தேகம். விலை இவ்வளவு குறைவென்றால் சாமானில் ஏதோ இருக்கிறது.

“நீங்க பாத்தீங்களா அத?”

“பாத்ததா? நாலு நாள் என்ட கடையிலதான் கெடந்தது.”

“எப்பிடி இரிக்கி?”

“வயசு போனது ஹாஜியார். பல்லெல்லாம் தேஞ்சி.”

குர்பான் மாட்டில் குறை இருக்கக் கூடாது. ஹாஜியார் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“பல்லு இல்லாட்டிச் சரிவராதே.”

“அதுக்குத்தான் மாத்திப் போட்டன்.”

“பல்லையா?”

“வேற என்ன செய்ற? கயிறும் புதுசு போட்டிரிக்கன். ஆனா ஒரு இழுவையில வராது. மூணு நாலு தரம் இழுக்கணும். கொஞ்சம் கத்தும், பொகை விடும். மறுகா நல்லா ஓடும்.”

இஹ்ஸான் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

“ஹாஜியார், நான் ஆடு வாங்குறன்.”

5

இந்த இடத்தில் றாஹிலா டீச்சர் வரைபடத்தோடு உள்ளே வந்தார். அவர் என்ன சொன்னார், யார் முதலில் விளங்கிக்கொண்டார், சிரிப்பு எந்தக் கதிரையில் தொடங்கி எந்தக் கதிரைக்குப் போனது என்பதையெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். வாசித்தால் சிரிப்பு வரவில்லை. சிரிப்பை எழுதுவது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: ஹாஜியார் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தது கனகரெத்தினம். “மரக்கறி திங்கிறவன மாட்டுக்காரனாக்கப் பாத்தீங்களே” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாடு இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். அவர்களுக்கு நான் பெயர் வைக்கவில்லை. கனகரெத்தினத்தை விட்டால் மிச்சம் ஏழு பேர். சரியாக ஏழு என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றுதான் போன இரண்டு பேரையும் கணக்கில் காட்டினேன்.*

* அந்த ஏழு பேரும் பிறகு சேர்ந்து மாடும் வாங்கினார்கள். கூடியது கூடியாச்சு என்றார்கள். அதற்குப் பல் சரியாக இருந்தது.

டீச்சர் வரைபடத்தைத் திறக்கவே இல்லை. “காசு கேக்கல்ல. கிழமைக்கு ரெண்டு நாள் ஒரு புள்ளைக்கு நிக்க இடம் தாங்க. அவ்வளவுதான் பங்கு” என்றார்.

இரங்கிக் கொடுத்தார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. இஹ்ஸானுக்கு மா பிசையத் தெரிந்த ஆள் இல்லாமல் பாண் சுடுகிற ஒரு போறணை அடுப்பு சும்மா கிடந்தது. அலுமினியம் பொருத்துகிறவருக்கு அளவு நாடா பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஹாஜியாரின் ஆலையில் நிறை கொம்பியூட்டரில் விழுகிறது, அதைப் பார்க்கத் தெரிந்தவன் கொழும்புக்குப் போய்விட்டான். பிள்ளைகளுக்கு வேலை பழக இடமில்லை, வேலைக்குப் பழகிய ஆளில்லை. ஒரே ஊரில் இந்த இரண்டு புலம்பலும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இத்தனை வருடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறது. மாடு என்று நினைத்து வந்திராவிட்டால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஏழு பேர் ஏழு பிள்ளைகளை எடுத்தார்கள். பிறகு இஹ்ஸான் சொன்னார், கடன்காரப் பள்ளிக்கூடத்தோட என்னெண்டு பங்கு சேர்ற, முதல்ல அண்ணன்ட காசக் குடுப்பம், ஆளுக்கு ஆயிரம் போடுங்க.

ஹாஜியார் கையை நீட்டித் தடுத்தார். பங்கு இறைச்சியைத் தராசில் வைத்துப் பிரிக்கிற ஆள் அவர்.

“கூடக் குடுத்தா அது சதக்கா, தருமம். பங்கெண்டாச் சரி சமன்.”

போனில் பிரித்தார். ஆளுக்குத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு ரூபாய், அதற்கு மேல் சதம். சதத்துக்கு இப்போது எங்கே போவது? பேக்கரியில் நோட்டு மாற்றி வந்து, ஏழு பேரும் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு எண்ணி வைத்தார்கள். கனகரெத்தினம் வாங்கி, எச்சில் தொட்டு எண்ணினார்.

“ரெண்டு ரூவா குறையுது.”

இஹ்ஸான், எங்கட கடையில ரெண்டு ரூவா மிச்சத்துக்கு டொபிதான் அண்ணன் குடுப்பம், எடுத்துத் தரட்டா என்றார்.

“எனக்கு டொபி வேணாம். இந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ரெண்டு ரூவா கடன்.”

6

இந்தப் பகுதியில் நான் எழும்பிப் பேசியதாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அருமையான பேச்சு. பெண் பிள்ளைகளின் உரிமை எல்லாம் அதில் வந்தது. ஸம்றா அதைக் குறுக்காக வெட்டி, பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: வாப்பா, நீங்க அப்ப கோப்பை கழுவினீங்க.

ஓம், கழுவினேன். கையில் நுரையோடு யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். விறாந்தையில், டீச்சர் கூப்பிட்டு வைத்திருந்த பிள்ளைகளில் ஏழு பேர் தங்களுடைய முதலாளிகளோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஸம்றா தூணோடு நின்றாள். பெருநாள் லீவுக்கு இன்னும் ஒரு கிழமைதான்.

டீச்சர் கனகரெத்தினத்திடம் கேட்டுப் பார்த்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார். “புள்ள நிக்கலாம் டீச்சர். ஆனா என்ட கடையில பொம்புளப் புள்ளைக்குக் கக்கூஸ் இல்ல.” மற்றக் கராச்சுக்காரர்கள் யாரும் சொல்லாத உண்மையான காரணம்.

ஹாஜியார் பகிடியாகச் சொன்னார், மாட்டில் ஏழு பேருக்குத்தான் இடம், எட்டாவது ஆளுக்கு ஆடுதான் வழி, ஆட்டுக்கு ஒரே ஆள், முழுப் பொறுப்பும் அவர் தலையில்.

“அப்ப நான் ஆடா?” என்றார் கனகரெத்தினம். மறுபடி சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் படியிறங்கி மோட்டார் சைக்கிளுக்குப் போனார். சாவியும் போட்டுவிட்டார்.

ஸம்றா தூணை விட்டு வந்தாள்.

“அங்கிள், மிசின் ஏன் காலையில மட்டும் மூணு தரம் இழுக்கணும்? பகல்ல ஒரே இழுவையில வருதே?”

அவர் சாவியைத் திருப்பினார். நிறுத்துகிற பக்கமாகத்தான்.

நான் இதைச் சோடித்து எழுதவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடமாக ஆட்கள் அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி: எவ்வளவு, எப்ப கிடைக்கும்? ஏன் என்று ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை போலிருந்தது. குளிரில் பெற்றோல் எப்படிப் படிகிறது என்று தொடங்கினார். சைக்கிளில் இருந்து இறங்கினார். மண்ணில் குச்சியால் கீறினார். அவள் குந்தியிருந்து, இது எதுக்கு, அப்ப இது, என்று கேட்டுக்கொண்டே போனாள். பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரம் நெருங்கியது. ஹாஜியார்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதெல்லாம் மண்ணில கீறி விளங்காது. கடைக்கு வா, கழட்டிக் காட்டுறன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. அதற்குள் ஹாஜியார் கையைத் தட்டிவிட்டார்.

“வா எண்டுட்டார். டீச்சர், எழுதுங்க.”

கக்கூஸ் பிரச்சினையை அடுத்த நாள் அவருடைய மனைவி கனகேஸ்வரி அக்கா தீர்த்துவைத்தார். நானும் ஸம்றாவும் பாண்டிருப்புக்குப் போயிருந்தோம். கடைக்குப் பின்சுவரோடு ஒட்டித்தான் வீடு. அக்கா ஸம்றாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புருசனிடம் கேட்டார், என்ட வீட்டுக் கதவு ஒங்கட கண்ணுக்குத் தெரியல்லயா? பிறகு ஸம்றாவிடம் திரும்பினார்.

“நீ வா புள்ள. இந்த மனிசன் எஞ்சின் கதையை இனி உனக்குச் சொல்லட்டும். எனக்குக் காது கிடைக்கும்.”

7

(இன்று ஆலைக்கு இரண்டு லொறி நெல் வந்தது. தோளில் எண்ணெய் போட்டுவிட்டு எழுதுகிறேன். முடிவை எழுதியாக வேண்டும்.)

மூன்று முடிவு வைத்திருக்கிறேன்.

முதலாவது. பத்து வருடத்துக்குப் பிறகு ஸம்றா சொந்தக் கராச் போட்டிருக்கிறாள், வெளியே அவள் பெயர் போட்ட பலகை தொங்குகிறது. கதைகளில் பிள்ளைகள் சீக்கிரமாக வளர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அவசரமில்லை. வெட்டினேன்.

இரண்டாவது. கனகரெத்தினம் மனம் மாறி, ஒரு மாதத்தில் அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். சோகமாக முடிந்தால் பெரிய கதை என்பார்களாம். எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து அவரே வீட்டுக்கு வந்து, ஸம்றாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பழைய கார்பரேட்டரைப் பெருநாள் பணியாரம் மாதிரித் துணியில் சுற்றித் தந்துவிட்டுப் போனார். அவர் மனம் மாறினார் என்று

(எழுத முடியவில்லை.)

மூன்றாவது, நடந்தது.

இடைப்பட்ட மாதங்களில் அந்த இரண்டு ரூபாயை அவர் விடவில்லை. டீச்சரைச் சந்தையில் கண்டால் கையை நீட்டுவார். கடைக்கு வருகிறவர்களிடம், எனக்கு ஒரு பள்ளிக்கூடம் கடன் என்று பெருமையாகச் சொல்வார். டீச்சர் இரண்டு முறை கொடுக்கப் போனார். ஒருமுறை இருபது ரூபாய் நோட்டு. மிச்சம் தர என்னிடம் சில்லறை இல்லை என்று திருப்பிவிட்டார். இன்னொருமுறை பத்து ரூபாய் நாணயக் குத்தி. கூட வாங்கினால் ஹாஜியார் ஏசுவார், பங்கு சரி சமனாக இருக்க வேண்டும் என்றார். இரண்டு ரூபாய்க் குத்தி இப்போது யாரிடம் இருக்கிறது?

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன், பாடசாலை மிசின் மறுபடி நின்றது. கடைக்கு அறிவித்தார்கள். கனகரெத்தினம் வரவில்லை. ஸம்றாவை அனுப்பினார், எஞ்சின் கழற்றுகிற சாவிப் பெட்டியோடு. அன்று எனக்கு அரை நாள் வேலை. நானும் போனேன். டீச்சர் நின்றார், பிள்ளைகள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் இல்லாததால் அன்று பாடசாலையை நேரத்தோடு விடுவார்கள் என்று காத்திருந்த சிறு பிள்ளைகள், அவள் திருத்திவிடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவள் கழற்றினாள். ஊதினாள். எதையோ சுரண்டினாள். எனக்கு அந்தச் சாமான்களின் பெயர் தெரியாது, தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். பூட்டி முடித்துக் கயிற்றைப் பிடித்தாள்.

முதல் இழுவை. ஒன்றுமில்லை. சிறு பிள்ளைகள் சந்தோசப்பட்டார்கள்.

இரண்டாவது இழுக்கிற நேரம் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். கனகரெத்தினம். பிள்ளையின் வேலையைப் பார்க்க வரவில்லையாம், கடன் கேட்க வந்தாராம். இதைச் சொல்லிக்கொண்டே அவர் கயிற்றைத்தான் பார்த்தார்.

மூன்றாவது இழுவையில் மிசின் கத்தியது, புகை விட்டது, ஓடியது. குழாய் ஒருமுறை துள்ளிவிட்டு, சேறும் காற்றுமாகத் துப்பி, பிறகு தண்ணீராகக் கொட்டியது. பிள்ளைகள், பாடசாலை விடாது என்பதையும் மறந்துவிட்டு அதற்குக் கீழே போய் நின்றார்கள். டீச்சரின் சாறி முழங்கால் வரை நனைந்தது. நானும் நனைந்தேன். என் கண்ணில் பட்டது கிணற்றுத் தண்ணீர்தான் என்று எழுதும்படி ஸம்றா சொன்னாள். எழுதிவிட்டேன்.

கனகரெத்தினம் கிட்டே வந்து, காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். டீச்சருக்கு முன்னால் கையை நீட்டினார்.

“என்ட ரெண்டு ரூவா.”

ஸம்றா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். கன்ரீன் பக்கம் ஓடினாள். திரும்பி வந்து அவருடைய உள்ளங்கையில் ஒரு டொபி வைத்தாள்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். டொபி வேண்டாம் என்று சபையில் சொன்ன மனிதன். அவர் டொபியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளை உரித்து, வாயில் போட்டார்.

“அங்கிள், டொபி இப்ப அஞ்சு ரூவா” என்றாள் ஸம்றா.

அவர் மென்றுகொண்டே ஏதோ சொன்னார். மிசின் ஓடிக்கொண்டிருந்தது, வாயில் டொபி. எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: கணக்கு ஏதோ ஒரு ‘ஞ்சி’.

கணக்கு முடிஞ்சி என்றார் என்கிறார் டீச்சர். கணக்கு மிஞ்சி என்றார், ஆகவே அங்கிள் இனிப் பாடசாலைக்கு மூன்று ரூபாய் கடன், என்கிறாள் ஸம்றா. அவரிடமே கேட்டேன். வாயைத் திறந்து காட்டினார், உள்ளே ஒன்றுமில்லை.

இரண்டு ரூபாயைத் தின்றுவிட்டார், அது தீர்ந்தது. மிச்சம் ‘முடி’யா ‘மி’யா என்பது. எனக்கு நாளைக்கும் லொறி இருக்கிறது, தோள் இதற்கு மேல் விடவில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

“கணக்கு ……ஞ்சி.”